பழ ஸ்கோன் சுடுவது: கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனில் மாலைத் தேநீருடன் உண்ணப்படும் சிறு ரொட்டியான ஸ்கோனை வீட்டில் சுட்டுப் பார்த்தவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையான அளவு இது: மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் தலைதட்டி 3 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, உப்பில்லாத வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 30 கிராம், உலர் திராட்சை 60 கிராம், பால் 130 முதல் 150 மில்லி. இதில் 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஏழெட்டு ஸ்கோன்கள் வரும்.

கேள்வி: சப்பாத்தி மாவைப் போல நன்றாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவும் வைத்தேன். ஸ்கோன் கல்லைப் போல வந்தது. நான் செய்த பிழை என்ன?

பிசைந்ததுதான் பிழை. கோதுமையில் உள்ள புரதம் ஈரத்தோடு சேர்ந்து குளூட்டன் என்னும் இழைகளாகிறது. பிசையப் பிசைய அந்த இழைகள் வலுப்பெறுகின்றன. சப்பாத்தி கிழியாமல் விரிவதற்கு உதவும் அதே வலுதான் ஸ்கோனை இறுக்கிவிடுகிறது. புட்டுக்கு மாவு பிசறுகிறோமே, அந்தக் கைப்பக்குவமே இதற்கும் தேவை. வெண்ணெயை மாவில் விட்டு, உள்ளங்கை படாமல் விரல் நுனிகளால் ரொட்டித் தூள் போலாகும் வரை உதிர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரையையும் திராட்சையையும் கலந்து, பாலை ஊற்றிக் கத்தியின் முனையால் பத்துப் பதினைந்து சுற்று கிளறியதும், மாவு ஒட்டியும் ஒட்டாமலும் சேர்ந்து வரும். அதைப் பலகையில் கொட்டி, இரண்டு மூன்று முறை மடித்து, இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கையாலேயே தட்டிவிட்டால் போதும். பார்வைக்கு மேடு பள்ளமாக இருக்கும். அதைச் சமப்படுத்த வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஊறவும் வைக்க வேண்டியதில்லை, ஏனெனில் ஈரம் பட்டவுடனேயே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

கேள்வி: சென்னை வெயிலில் வெண்ணெய் கையிலேயே உருகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

வெண்ணெய்க் கட்டியை உறைபெட்டியில் அரை மணி நேரம் வைத்து, காய்கறித் துருவியில் மாவின் மேலேயே துருவிவிடுங்கள். பாலும் குளிர்ந்ததாகவே இருக்கட்டும். தட்டிய மாவை அச்சால் வட்டங்களாக வெட்டிய பிறகும் அது தளர்ந்து தெரிந்தால், தட்டோடு இருபது நிமிடம் உறைபெட்டியில் வைத்துவிட்டுச் சுடலாம். வெண்ணெய் அடுப்புக்குள் சென்ற பிறகே உருக வேண்டும். அப்போது அதிலுள்ள நீர் ஆவியாகி மாவைப் பிரித்துத் தூக்குவதால்தான் உட்புறம் பொலபொலவென்று இருக்கிறது.

கேள்வி: ஆங்கிலக் குறிப்புகளில் செல்ஃப் ரெய்சிங் மாவு என்று வருகிறது. அது அவசியமா?

அவசியமில்லை. உப்பும் மாவை எழும்பச் செய்யும் பொருளும் முன்கூட்டியே கலந்த மாவுதான் அது; பிரிஸ்டல் நகரின் ஹென்றி ஜோன்ஸ் 1845இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மேலே சொன்ன அளவில் மைதாவும் பேக்கிங் பவுடரும் கலந்தால் அதே பயன் கிடைக்கும்.

கேள்வி: பாலுக்குப் பதில் மோர் சேர்க்கச் சொல்கிறார்கள். நம் வீட்டு மோர் சரிவருமா?

நாம் குடிக்கும் நீர்மோர் சரிவராது. அந்தக் குறிப்புகள் சொல்லும் மோர் கெட்டியானது. புளித்த கெட்டித் தயிர் 100 மில்லியுடன் பால் 50 மில்லி சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். தயிரின் புளிப்பை ஈடுசெய்யக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்து, பேக்கிங் பவுடரில் ஒரு தேக்கரண்டியைக் குறைத்துவிட வேண்டும். சோடாவைக் கூட்டினால் சவர்க்கார வாடை வரும். என் சுவைக்குப் பாலைவிடத் தயிரில் செய்ததே மேல்.

கேள்வி: மேலே இருக்கும் திராட்சைகள் கருகிக் கசக்கின்றன.

திராட்சையை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, துணியில் ஈரம் போகத் துடைத்த பின் சேருங்கள். வெட்டிய வட்டங்களின் மேல் துருத்திக்கொண்டிருப்பவற்றை விரலால் உள்ளே அழுத்திவிடுங்கள். உலர்த்தாத பழம் சேர்க்க விரும்புவோர் உறைந்த ப்ளூபெரியை உருகவிடாமல் அப்படியே போடலாம். மாம்பழத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் சாறு மாவைச் சேறாக்கிவிடுகிறது.

கேள்வி: ஸ்கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்புகிறது. சிறிய ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் மின் ஓவனில்) சுடுவதால் இப்படி ஆகிறதா?

பெரும்பாலும் காரணம் வெட்டும் விதம்தான். அச்சை உலர்ந்த மைதாவில் தோய்த்து நேராக அழுத்தி, திருகாமல் நேராகவே எடுக்க வேண்டும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் எழும்பாது. மேலே பால் தடவும்போதும் பக்கவாட்டில் வழியவிடக் கூடாது. ஓடிஜியை மேல், கீழ் கம்பிகள் இரண்டும் எரியுமாறு 220 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் சூடாக்கி, வட்டங்களை நெருக்கமாக அடுக்கி, நடுத்தட்டில் 12 முதல் 15 நிமிடம் சுடுங்கள். விசிறி உள்ள ஓவன் என்றால் 200 டிகிரி போதும்.

கேள்வி: முட்டை வேண்டாமா?

வேண்டாம்.

கேள்வி: க்ரீமும் ஜாமும் வைத்து உண்பதில் முறை உண்டா?

இங்கிலாந்தின் டெவனில் முதலில் க்ரீம், அதன்மேல் ஜாம். அண்டையிலுள்ள கார்ன்வாலில் முதலில் ஜாம். அவர்கள் வைக்கும் க்ளாட்டட் க்ரீம், பாலேட்டை மெதுவாகச் சூடாக்கி ஆறவிட்டு, மேலே படியும் கட்டி ஆடையை எடுப்பதாகும். காய்ச்சிய பாலில் நாம் எடுக்கும் பாலாடையைச் சேர்த்துவைத்துத் தடவினாலும் மிக நன்றாக இருக்கும்.

கேள்வி: எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

சுட்ட அன்றே உண்பது நல்லது, மறுநாள் உலர்ந்துவிடும். எல்லாம் ஒரே நாளில் தேவைப்படாவிட்டால், வெட்டிய பச்சை வட்டங்களை உறையவைத்து, வேண்டும்போது அப்படியே எடுத்து மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகச் சுட்டுக்கொள்ளுங்கள்.