கோல்ட்வாட்டரும் 1,189 மருத்துவர்களும்

அன்புள்ள சார்,

1964 அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் தோற்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் மீது தேவைக்கு மேல் இரக்கம் காட்டியிருக்கிறீர்கள் என்று பட்டது. நான் ஒஹாயோவில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கி ஓட்டும் போடுகிறேன். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் முதல் ஓட்டை 1964-ல், அப்போது அதிபராக இருந்த ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சனுக்குப் போட்டவர். "கோல்ட்வாட்டர் ஜெயித்திருந்தால் நீயும் நானும் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம்" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

என் கேள்வி இதுதான். பஸ் ஓட்டுகிறவருக்கே கண் பரிசோதனை வைக்கிறோம். அணு ஆயுதத்தைக் கையில் வைத்திருக்கப் போகிறவரின் மனநிலை பற்றி மனநல மருத்துவர்கள் கருத்துச் சொன்னால் என்ன தப்பு? அப்போது ஒரு பத்திரிகை கேட்டு, கோல்ட்வாட்டரைப் பற்றி அவர்கள் சொன்னதை ஏன் "அசிங்கம்" என்று எழுதினீர்கள்? ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இந்தச் சண்டை வருகிறது. இன்னொன்று, உங்களுக்கு கோல்ட்வாட்டரைப் பிடிக்குமா? கட்டுரையின் தொனி அப்படித்தான் இருக்கிறது.

ஒரு வாசகர், ஒஹாயோ (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பயம் நியாயமானது. கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த நேரத்தில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக வந்தவர், அணுகுண்டுச் சோதனைகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் ஒப்பந்தத்தை 1963-ல் செனட் 80-க்கு 19 என்ற கணக்கில் ஏற்றபோது எதிர்த்து ஓட்டுப் போட்ட 19 பேரில் ஒருவர். கிரெம்ளினின் ஆண்கள் கழிப்பறைக்குள் ஒரு குண்டைப் போடலாம் என்று ஜோக் அடித்தவர். நேட்டோ தளபதிக்குச் சிறிய அணு ஆயுதங்களைப் பயன்படுத்தும் அதிகாரம் வேண்டும் என்றவர். 1964 மே மாதம் ஒரு டிவி பேட்டியில், வியட்நாம் காட்டு வழியாக வரும் ஆயுதங்களை எப்படித் தடுப்பது என்று கேட்டார்கள். குறைந்த சக்தியுள்ள அணு ஆயுதத்தால் இலைகளை உதிர்த்துவிடலாம் என்று விளக்கினார். 'நாம் அதைச் செய்வோம் என்று நினைக்கவில்லை' என்றும் சேர்த்துச் சொன்னார். செய்தி நிறுவனங்கள் பின்பாதியை விட்டுவிட்டு, அணுகுண்டு போடச் சொல்கிறார் என்று செய்தி கொடுத்தன.

அது பத்திரிகைக்காரர்களின் தவறுதான். ஆனால் அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிற ஒருவர் டிவியில் உட்கார்ந்துகொண்டு, கடை வராந்தாவில் பேசுகிற மாதிரி அணு ஆயுதத்தைப் பற்றிப் பேசலாமா? விமானப்படை ரிசர்வில் மேஜர் ஜெனரலாக இருந்தவர். ஆயுதங்களைப் பற்றிப் பேசுவது அவருக்குத் தொழில்முறைப் பழக்கம். கேட்கிறவர்களுக்கு அப்படி இல்லை. ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் வேட்பாளராக நின்று, சுதந்திரத்தைக் காக்கும் தீவிரவாதம் குற்றமல்ல என்று முழங்கினார். தன் கட்சியின் மிதவாதிகளைக்கூட அவர் சமாதானப்படுத்த விரும்பவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துபோனது.

இவ்வளவும் எல்லோரும் பார்த்த, கேட்ட, பதிவான விஷயங்கள். இதை வைத்து அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டவரை யாரும் குறை சொல்ல முடியாது. நான் கேட்பது, இதற்கு மேல் ஒரு மருத்துவச் சான்றிதழ் எதற்கு?

ரால்ஃப் கின்ஸ்பர்க் நடத்திய 'ஃபேக்ட்' பத்திரிகை என்ன செய்தது என்று பாருங்கள். நாட்டிலுள்ள 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி, அதிபராக இருக்க கோல்ட்வாட்டருக்கு மனத்தகுதி உண்டா என்று கேட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். மீதி ஏறக்குறைய பத்தாயிரம் பேர் எழுதவில்லை. எழுதியவர்களில் 571 பேர், சொல்லுமளவுக்கு எங்களுக்குத் தெரியாது என்றார்கள். தகுதி உண்டு என்றவர்கள் 657. இல்லை என்றவர்கள் 1,189. கடைசி எண்ணிக்கை மட்டும் பெரிய எழுத்தில் அட்டைக்குப் போனது. உள்ளே பக்கம் பக்கமாக மருத்துவர்களின் கடிதங்கள். சித்தபிரமை என்கிறார் ஒருவர், ஹிட்லரோடு ஒப்பிடுகிறார் இன்னொருவர். நோயாளியை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல இவை.

நீங்கள் சொன்ன பஸ் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். கண் பரிசோதனையில் டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் படிக்கிறார். எந்த மருத்துவர் பார்த்தாலும் முடிவு ஒன்றுதான் வரும். இங்கே நடந்தது வேறு. டிரைவர் எந்த ரோட்டில் வண்டியைத் திருப்பப்போகிறார் என்பது மருத்துவருக்குப் பிடிக்கவில்லை, அதனால் கண் தெரியாதவர் என்று எழுதிக் கொடுத்தார். அந்த ரோடு பாழும் கிணற்றுக்குப் போகும் ரோடாகவே இருக்கலாம். அதை அப்படியே சொல்லியிருக்கலாமே. வாக்காளர்களாக அவர்கள் சொல்ல வேண்டியதை மருத்துவர்களாகச் சொன்னார்கள். "அசிங்கம்" என்று நான் எழுதியது அதைத்தான். அந்த வார்த்தையை மாற்றிக்கொள்ள எனக்கு உத்தேசமில்லை.

கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டார். 1968-ல் ஜூரி அவருக்கு இழப்பீடாக ஒரே ஒரு டாலரும், பத்திரிகைக்கும் ஆசிரியருக்கும் அபராதமாக 75,000 டாலரும் விதித்தது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. 1970-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. நீதிபதிகள் பிளாக், டக்ளஸ் இருவரும் கருத்துச் சுதந்திரத்தின் பேரில் அதற்கு உடன்படவில்லை. பத்திரிகையைத் தண்டித்ததில் எனக்கும் அவ்வளவு உடன்பாடில்லை. ஆனால் மருத்துவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு சரியானது. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், நேரில் பரிசோதிக்காத, சம்மதம் தராத ஒரு பொதுமனிதரைப் பற்றி நோய்க்கணிப்பு சொல்லக்கூடாது என்று விதி வகுத்தது. கோல்ட்வாட்டர் விதி என்றுதான் இன்றும் அதற்குப் பெயர்.

சரி, இதெல்லாம் தொழில் நெறி. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இவருக்குப் பைத்தியமா இல்லையா என்று நாடே விவாதித்துக்கொண்டிருந்தபோது, எதிரே நின்ற தெளிவான மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

'டெய்சி' விளம்பரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறுமி பூவின் இதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள். கேமரா அவள் கண்ணை நெருங்கும்போது ஓர் ஆண் குரல் தலைகீழாக எண்ணத் தொடங்குகிறது. பூஜ்யம் வந்ததும் அணுகுண்டு வெடிக்கிறது. 1964 செப்டம்பர் 7 அன்று ஒரே ஒரு முறைதான் ஜான்சன் தரப்பு அதைக் காசு கொடுத்து ஒளிபரப்பியது. மற்றதை டிவி செய்திகள் இலவசமாகப் பார்த்துக்கொண்டன. அதில் கோல்ட்வாட்டர் பெயரே கிடையாது. தேவையும் இல்லை, பயம் ஏற்கனவே எல்லோர் மனதிலும் இருந்தது. அவருடைய ஆட்கள் "உங்கள் இதயத்துக்குத் தெரியும், அவர் சொல்வது சரி" என்று போர்டு வைத்தால், எதிரணி "உங்கள் குடலுக்குத் தெரியும், அவர் மறை கழன்ற கேஸ்" என்றது.

விளம்பரம் வருவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 7 அன்று, டாங்கின் வளைகுடா தீர்மானம் நிறைவேறியது. வியட்நாமில் தேவையான எதையும் செய்துகொள்ள ஜான்சனுக்கு அதிகாரம். பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0. செனட்டில் 88-க்கு 2. அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டவை, அமெரிக்கக் கப்பல்கள் மீது வட வியட்நாம் நடத்தியதாகச் சொன்ன இரண்டு தாக்குதல்கள். அவற்றில், ஆகஸ்ட் 4 அன்று நடந்ததாகச் சொன்னது நடக்கவே இல்லை. எதிர்த்த இருவர் ஓரிகனின் வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் க்ரூனிங். இருவரும் ஜான்சனின் கட்சிக்காரர்கள். பன்னிரண்டாயிரம் மருத்துவர்களுக்குத் தபால் தலை ஒட்டிய பத்திரிகை, இந்த இருவரிடம் போய் ஏன் எதிர்த்தீர்கள் என்று கேட்டு அட்டையில் போட்டிருந்தால் வாக்காளர்களுக்கு எவ்வளவோ பிரயோஜனமாக இருந்திருக்கும். 1968-ல் இருவருமே பதவியை இழந்தார்கள்.

அக்டோபர் 21 அன்று உங்கள் ஒஹாயோவில், ஆக்ரன் நகரில்தான், ஆசியப் பையன்கள் தங்களுக்காகச் செய்துகொள்ள வேண்டியதைச் செய்ய அமெரிக்கப் பையன்களை ஒன்பது பத்தாயிரம் மைலுக்கு அப்பால் அனுப்பப் போவதில்லை என்று ஜான்சன் பேசினார். அந்தப் பேச்சு நினைவிருக்கிறதா என்று பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்தில், நவம்பர் 3 அன்று, 61 சதவீத ஓட்டுகளோடு ஜான்சன் ஜெயித்தார். 1965 மார்ச் 8 அன்று அமெரிக்க மரைன் படைத் துருப்புகள் தென் வியட்நாமின் தானாங்கில் இறங்கின. அந்த வருட முடிவில் வியட்நாமில் ஏறக்குறைய 1,84,000 அமெரிக்க வீரர்கள். போர் முடிவதற்குள் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள். வியட்நாமியர்கள் பல லட்சம்.

இதை முடிவு செய்த அறையில் இருந்தவர்கள் யார்? பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாரா, தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டி, வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க். நிதானமானவர்கள், நன்றாகப் படித்தவர்கள், குரலை உயர்த்தாதவர்கள். 12,356 பேரையும் நேரில் உட்காரவைத்துச் சோதிக்கச் சொன்னாலும், இவர்களுக்கு மனத்தகுதி இல்லை என்று ஒருவரும் எழுதியிருக்கப்போவதில்லை.

நேட்டோ விஷயத்தில் இன்னொரு கூத்து உண்டு. கோல்ட்வாட்டர் சொன்னதைக் கேட்டு நாடு நடுங்கியது. ஆனால் அதிபரைத் தொடர்புகொள்ள முடியாத அவசர நிலையில் சில உயர் தளபதிகள் அணு ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்ற ரகசிய முன்னனுமதி ஐசனோவர் காலத்திலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. கென்னடி காலத்திலும் அது நீடித்தது, ஜான்சனும் தொடர்ந்தார். மேடையில் மட்டும், அந்த முடிவு அதிபர் ஒருவருடையது என்று பேசினார். ஆவணங்கள் வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. நடைமுறையில் இருந்ததற்குப் பக்கத்தில் நிற்கிற ஒன்றை வெளியே சொன்னவர் பைத்தியக்காரர் ஆனார்.

பின்னாளில் அமெரிக்காவில் ஒரு ஜோக் புழங்கியது. 'கோல்ட்வாட்டருக்கு ஓட்டுப் போட்டால் வியட்நாமில் பெரிய போர் வரும் என்றார்கள். போட்டேன், வந்துவிட்டது.' நல்ல ஜோக். ஆனால் அதில் அரைப் பொய் இருக்கிறது. டாங்கினுக்குப் பதிலடி கொடுத்ததை கோல்ட்வாட்டரும் ஆதரித்தார். ஜான்சன் குண்டு போட்டது போதாது என்பதுதான் பின்னால் அவருடைய குறை. அவர் வந்திருந்தால் அமைதி வந்திருக்கும் என்று நான் எங்கும் எழுதவில்லை. 1964 வாக்குச்சீட்டில் அமைதி என்ற வேட்பாளர் இல்லை. ஆகவே பெரியவர் போட்ட ஓட்டோடு எனக்குச் சண்டையில்லை. அந்த ஓட்டோடு ஆபத்து நீங்கியது என்று அவர் இத்தனை வருடம் நம்புகிறாரே, அதோடுதான்.

உடல் தகுதி பற்றியும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஜான்சனுக்கு 1955-ல் பெரிய மாரடைப்பு வந்தது. கென்னடி கொல்லப்பட்டு, துணை அதிபராக இருந்த ஜான்சன் அதிபரான பிறகு 1965 ஜனவரி வரை துணை அதிபரே கிடையாது. ஜான்சனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அடுத்து நாற்காலியில் உட்காரவேண்டியவர் 72 வயது சபாநாயகர் மக்கார்மக். அவருக்கு அடுத்து செனட்டின் தற்காலிகத் தலைவர் கார்ல் ஹெய்டன், எண்பத்தாறு வயது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1967-ல் 25-ஆவது திருத்தம் வந்தது. அதிலும் அதிபர் செயல்பட முடியாத நிலையில் இருக்கிறாரா என்று தொடங்கிவைப்பவர்கள் துணை அதிபரும் அமைச்சர்களும். அதைச் சொல்லும் இடத்தில் மருத்துவர்களை வைக்கவில்லை. ஜான்சன் செத்தது 1973 ஜனவரி 22. 1968-ல் மறுபடி நின்று ஜெயித்திருந்தால் அவர் பதவிக்காலம் முடிந்திருக்கும் நாள் ஜனவரி 20.

உங்கள் நண்பர்கள் ரீகனைப் பற்றியும் கேட்பார்கள். 1980-ல் அவர் மீதும் இதே பயம், வயது பற்றிய பேச்சும் சேர்ந்துகொண்டது. அந்த மனிதர் ஆயுதங்களைக் குவித்தார், பிறகு 1987-ல் கோர்பசேவோடு உட்கார்ந்து நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். தனக்கு அல்சைமர் நோய் இருப்பதை அறிவித்தது 1994-ல். 1980-ல் எந்தக் கருத்துக்கணிப்பு இந்த மூன்றையும் சொல்லியிருக்கும்?

அடுத்த தடவை உங்கள் வட்டத்தில் சண்டை வந்தால், பழைமைவாத வேட்பாளரின் மூளை எப்படி என்பதை ஓரமாக வைத்துவிட்டு, அவர் செனட்டிலோ கவர்னராகவோ எதற்கு ஓட்டுப் போட்டார், எதில் கையெழுத்துப் போட்டார், பக்கத்தில் யாரை வைத்திருக்கிறார் என்று பேசிப் பாருங்கள். அதே மூன்றையும் உங்களுக்குப் பிடித்த வேட்பாளரிடமும் கேளுங்கள். இரண்டாவதுதான் கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக, பிடிக்குமா என்று கேட்டீர்கள். 1964 ஜூனில், இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டவர் அவர். மத்திய அரசின் அதிகாரம், அரசியல் சட்டம் என்று ஏதேதோ காரணம் சொன்னார். தேர்தலில் சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர அவர் ஜெயித்த ஐந்தும் ஆழ்தெற்கு மாநிலங்கள். மிசிசிப்பியில் 87 சதவீதம். பெரும்பாலான கறுப்பர்கள் ஓட்டுப் போட முடியாத மிசிசிப்பி அது. அந்த ஓட்டுகள் எதற்காக விழுந்தன என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. 'ஃபேக்ட்' பத்திரிகை மனநோய்க்குப் பதிலாக இதை அட்டையில் போட்டிருந்தால் அந்த இதழைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பேன்.

ஆனால் 1974 ஆகஸ்ட் 7 அன்று, செனட்டில் உங்களைக் காப்பாற்றப் போதிய ஓட்டு இல்லை என்று, வாட்டர்கேட் ஊழலில் பதவி நீக்கத்தை எதிர்நோக்கியிருந்த அதிபர் நிக்சனிடம் வெள்ளை மாளிகைக்குள் போய்ச் சொன்ன மூன்று குடியரசுக் கட்சிக்காரர்களில் அவரும் ஒருவர். மறுநாள் இரவு நிக்சன் ராஜினாமாவை அறிவித்தார். அந்த கோல்ட்வாட்டரை எனக்குப் பிடிக்கும்.