கானத்தூர் கடற்கரை மனை: ஓய்வுப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். அடுத்த ஆண்டு ஓய்வு. பி.எஃப்., கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) எல்லாம் சேர்த்து 85 லட்சம் வரும். எஃப்.டி.யில் 30 லட்சம் இருக்கிறது. பென்ஷன் 38,000. நங்கநல்லூரில் கடனில்லாத சொந்த ஃபிளாட். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூரில் 1,200 சதுரஅடி மனை 72 லட்சத்துக்கு வருகிறது. கடலிலிருந்து 300 மீட்டர், பஞ்சாயத்து அப்ரூவல் உண்டு என்கிறார் புரோக்கர். சின்னதாக வீடு கட்டி நாங்கள் இருவரும் அமைதியாக இருக்கலாம், இல்லாவிட்டால் வார இறுதி வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். இந்த மாத இறுதிக்குள் 2 லட்சம் டோக்கன் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், சென்னை

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். மனை மோசம் என்று நான் சொல்லவில்லை. அதில் வீடு கட்ட முடியுமா என்பதே இன்னும் தெரியாது, அதுதான் காரணம்.

புரோக்கர் பெருமையாகச் சொன்ன அந்த 300 மீட்டரிலிருந்தே தொடங்குவோம். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை உள்ள நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும். சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஏற்கெனவே நகரமாக வளர்ந்த பகுதி என்றால், இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக வீடு கட்ட இடமுண்டு. ஊர்ப்புறம் என்று வகைப்படுத்தியிருந்தால் கதை வேறு. 2011ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டரில் புதிதாக வீடு எழுப்ப முடியாது. 200 முதல் 500 மீட்டர் வரை வீடு கட்டலாம், ஆனால் மீனவர் குடியிருப்பு போன்ற பாரம்பரிய உரிமைகளுக்கு உட்பட்டுத்தான். அதுவும் தரைத்தளமும் ஒரு மாடியும், 9 மீட்டர் உயரத்துக்குள். வெளியூரிலிருந்து மனை வாங்கி வருகிறவருக்கு அது பொருந்துமா என்பது உங்கள் 72 லட்சத்தின் கேள்வி.

‘2019ல் சட்டம் தளர்ந்துவிட்டது சார்’ என்பார்கள். மக்கள் நெருக்கம் அதிகமுள்ள ஊர்ப்புறங்களில் 200 மீட்டரை 50 ஆகக் குறைத்தது உண்மைதான். ஆனால் அந்த விதிகளின்படி கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே அந்தச் சலுகை செல்லும். ஆகவே வாய்ப்பேச்சு வேண்டாம். சர்வே எண் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். சாலைக்கு மேற்கே போனால் தொல்லையில்லை என்றும் நினைக்காதீர்கள். அலையேற்றம் எட்டும் கால்வாய், கழிமுகக் கரைகளுக்கும் தனி எல்லை உண்டு. பக்கிங்ஹாம் கால்வாயும் முட்டுக்காடும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

அடுத்து, அந்த ‘பஞ்சாயத்து அப்ரூவல்’. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர வேண்டியது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்); ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் அதற்கு ஈடாகாது. அங்கீகாரமில்லாத மனை 2016 அக்டோபர் 20க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுபதிவு நடக்கும்; ஆனால் பதிவு நடந்தது என்பதற்காகக் கட்டட அனுமதி தானாக வராது. வரன்முறைப்படுத்திய உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். மூலப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, ‘அ’ பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்பட (நில அளவை வரைபட) நகல் எல்லாம் வழக்கறிஞர் கைக்குப் போகட்டும். கடலோரத்தில் புறம்போக்கும் கோயில் நிலமும் தனியார் மனைகளை ஒட்டியே கிடக்கும், அளந்து பார்க்காமல் விடாதீர்கள். வங்கிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: எந்த வங்கியும் கடன் தரத் தயங்கும் மனையை ரொக்கம் கொடுத்து வாங்குவது தைரியமல்ல.

சரி, காகிதமெல்லாம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு இடிக்கிறது. மனை 72 லட்சம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஆறரை லட்சம். (50 லட்சத்தைத் தொடுவதால் விலையில் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவருக்கான வருமான வரி) பிடித்து நீங்களே கட்ட வேண்டும். அது விற்பவரின் பணம்தான், மறந்தால் அபராதம் உங்களுக்கு.) 1,000 சதுரஅடி வீட்டைச் சதுரஅடிக்கு 2,500 என்று போட்டாலும் 25 லட்சம். சுற்றுச்சுவர், போர்வெல், செப்டிக் டேங்க், மின் இணைப்பு, வரைபட அனுமதி என்று இன்னும் ஆறேழு லட்சம். மொத்தம் 1 கோடியே 10 லட்சம். உங்கள் கையில் மிஞ்சுவது 5 லட்சம். ஒரு ஆஸ்பத்திரி பில்லுக்குத் தாங்குமா?

அதே 1 கோடியே 10 லட்சம் 7 சதவீத வட்டியில் இருந்தால் வரிக்கு முன் மாதம் 64,000 ரூபாய் வரும். அதாவது கடற்கரை வீட்டில் குடியிருக்க நீங்கள் உங்களுக்கே மாதம் 64,000 வாடகை கொடுக்கிறீர்கள். அந்தப் பக்கம் நல்ல இரண்டு பெட்ரூம் வீடு அதில் பாதிக்கே கிடைக்கும்.

கட்டிய பிறகு வரும் செலவும் இருக்கிறது. உப்புக்காற்றில் இரும்பு கிரில் சீக்கிரம் பொரிந்துபோகும், ஏ.சி.யின் வெளி யூனிட் அரித்துவிடும், கான்கிரீட் மூடல் சரியில்லாத தூணில் கம்பி துருப்பிடித்து வெடிப்பு விடும். நிலத்தடி நீர் மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மிதக்கிற நல்ல தண்ணீர். அக்கம்பக்கத்தில் எல்லோரும் போர்வெல் போட்டு இழுத்தால் உவர்ப்பு ஏறிவிடும். மனையில் விற்பவர் காட்டும் தண்ணீரைக் குடித்துப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள், மே மாதத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காப்பீடு மட்டும் ஆறுதல்: 2021 முதல் உள்ள ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ பாலிசியில் புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அடங்கும். ஆனால் அது கட்டடத்துக்குத்தான், மண்ணுக்கு அல்ல.

வார இறுதி வாடகையை நம்பி ஒரு ரூபாய்கூடக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது முழுநேர வேலை. வாட்ச்மேன், துப்புரவு, ராத்திரி பாட்டுச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டை, வணிக மின்கட்டணம் எல்லாம் வரும். அமைதி தேடிப் போகிற நீங்களே அந்தத் தெருவின் அமைதியைக் கெடுக்க வேண்டுமா?

ஆசை நிஜம் என்றால் இப்படிச் செய்யுங்கள். ஓய்வு பெற்றதும் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். தனிநபர் உச்சவரம்பே அதுதான். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது, அந்த விகிதத்தில் காலாண்டுக்கு 61,500 ரூபாய். மிச்சத்தை எஃப்.டி.யிலும் கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டிலும் பிரித்து வையுங்கள். நங்கநல்லூர் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தோடு கொஞ்சம் போட்டு கானத்தூரிலோ உத்தண்டியிலோ ஓராண்டு வாடகைக்கு இருங்கள். செப்டம்பரில் குடிபோங்கள், வடகிழக்குப் பருவமழையும் புயலும் அடுத்த கோடையும் அந்த ஒரே ஆண்டில் வந்துவிடும். இரவு பத்து மணிக்கு உங்களில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நிமிடம் என்பதும் தெரிந்துவிடும்.

அதன் பிறகும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றினால், ஓய்வுப் பணத்தைத் தொடாதீர்கள். நங்கநல்லூர் ஃபிளாட்டை விற்று, கானத்தூர் பக்கம் கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய ஃபிளாட்டை வாங்குங்கள். நீண்டகால லாபத்தைக் காலக்கெடுவுக்குள் இன்னொரு வீட்டில் போட்டால் அதற்கு வரிவிலக்கும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு இந்த மனையை விட மனமில்லையா? டோக்கனை ரொக்கமாகக் கொடுக்காமல் காசோலையாக, விற்பவர் பெயரிலேயே கொடுங்கள், புரோக்கர் பெயரில் வேண்டாம். 90 நாட்களுக்குள் சி.ஆர்.இசட். நிலையும் மனைப்பிரிவு ஒப்புதலும் எழுத்தில் வராவிட்டால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போடச் சொல்லுங்கள். அதற்குக் கையெழுத்துப் போட விற்பவர் மறுத்தால் அடுத்த மனையைப் பாருங்கள்.