முதுகில் 1966 என்று பொறித்த பழைய பார்பி பொம்மைக்கு நல்ல விலை கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. 1966 என்பது உடல் அச்சுக்குப் பதிப்புரிமை எடுத்த ஆண்டு. அதே எண்ணோடு 1990-களிலும் பொம்மைகள் வந்தன. பின்தலையிலோ கழுத்து விளிம்பின் உட்புறத்திலோ முக அச்சின் ஆண்டு தனியாக இருக்கும். அங்கே 1976 என்றிருந்தால், பொம்மை அதற்கு முந்தையதல்ல என்பது மட்டும் உறுதி. அடுத்து நாட்டின் பெயரைப் பாருங்கள். தொடக்ககாலப் பார்பிகள் ஜப்பானில் செய்யப்பட்டவை. சீனா, மலேசியா, இந்தோனேசியா என்றிருந்தால் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

பெரிய விலைக்குப் போவது 1959-இல் மூன்று டாலருக்கு விற்ற முதல் பார்பி. கண்ணின் கருவிழி வெள்ளையாக இருக்கும், புருவம் கூராக வளைந்திருக்கும், பாதங்களில் தாங்கியில் செருகுவதற்கான துளைகளும் அவற்றுள் செப்புக் குழாய்களும் இருக்கும். இரண்டாம் பதிப்பில் துளை கிடையாது. 1994-இல் 35-ஆம் ஆண்டையொட்டி வந்த மறுபதிப்பை முதல் பார்பி என்று நம்பி ஏமாந்தவர்களும் உண்டு, அதைக் காட்டி ஏமாற்றியவர்களும் உண்டு.

"பெட்டியே பிரிக்கவில்லை, அதற்குமா மதிப்பில்லை?" என்று சிலர் கோபப்படுவார்கள். 1988-இல் கிறிஸ்துமஸ் காலச் சிறப்புப் பதிப்பாக வந்த முதல் ஹாலிடே பார்பி கடைகளில் போதாமல் போனது. அதைப் பார்த்து அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆளாளுக்கு வாங்கிப் பெட்டியோடு பூட்டி வைத்தார்கள். தயாரிப்பும் பெருகியது. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? விலை தேடும்போது விற்பவர் கேட்கும் தொகையை விடுங்கள். விற்று முடிந்த தொகையை மட்டும் பாருங்கள்.

நிலையும் விலையைத் தீர்மானிக்கும். பழைய பொம்மைகளில் தோட்டின் உலோகம் பொம்மையின் வினைல் என்ற பிளாஸ்டிக்கோடு வினைபுரிந்து காதைச் சுற்றிப் பச்சை படரும். முதல் வேலையாகத் தோட்டைக் கழற்றுங்கள். 10 சதவீத பென்சாயில் பெராக்சைடு கலந்த முகப்பரு களிம்பைக் கறையின்மேல் மட்டும் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, தினமும் திறந்து பாருங்கள். கண், உதட்டுச் சாயத்திலோ முடியிலோ பட்டால் அதையும் வெளுத்துவிடும். கறை போனாலும் உள்ளிருந்து மீண்டும் மேலே வரக்கூடும். தலையைக் கழற்ற நேர்ந்தால் வெந்நீரில் இளக்கிய பிறகே இழுங்கள். குளிர்ந்த வினைல் கழுத்தில் கிழியும்.

கறையை வெளுத்ததையும் வேறு உடலில் தலையை மாட்டியதையும் மறைத்து விற்பவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. வாங்குபவர் காதின் பின்புறம், கழுத்து, பாதம் மூன்றுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.