டெக்ஸாஸில் ஏரோபிக் செப்டிக் உள்ள வீட்டை வாங்கலாமா? அது எப்படி வேலை செய்கிறது?

தாராளமாக வாங்கலாம். ஆஸ்டினுக்கு மேற்கே இப்படி ஒரு வீட்டில்தான் ஐந்து வருடமாக இருக்கிறோம்.

எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை கிடையாது. ஒரு அடி தோண்டினாலே சுண்ணாம்புப் பாறை. நம்மூரில் செப்டிக் தண்ணீரை உறிஞ்சுகுழியில் விட்டுவிடுவோமே, அது இங்கே செல்லாது. மண் இருந்தால்தானே உறிஞ்சும்! அதனால் கழிவுநீரைத் தொட்டியிலேயே காற்று செலுத்திச் சுத்தம் செய்து புல்தரையில் தெளித்துவிடுகிறார்கள். இதுதான் ஏரோபிக் செப்டிக்.

முதல் தொட்டியில் கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் இரண்டாவது தொட்டிக்குப் போகும். விஷயமே அங்கேதான். மீன் தொட்டியில் குமிழி விடுவது போல ஒரு ஏர் பம்ப் ராப்பகலாகக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றில் பெருகும் பாக்டீரியா கழிவை மளமளவென்று தின்றுவிடும். பிறகு தண்ணீர் தெளிந்து, குளோரின் வில்லைகளை நனைத்துக்கொண்டு கடைசித் தொட்டியில் சேரும். அங்கிருந்து ஸ்பிரிங்க்ளர். எங்கள் வீட்டில் டைமர் ராத்திரி 2 மணிக்கு.

காற்று நின்றால் போச்சு. முதல் கோடையில் ஒரு நாள் காலை பின்வாசலைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். கண்ட்ரோல் பெட்டியில் சிவப்பு விளக்கு. எப்போதும் கேட்கிற ரீங்காரம் இல்லை. அது நின்ற பிறகுதான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே எனக்கு உறைத்தது. பெட்டி மூடியைத் திறந்தால் ரிலே (பம்புக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச்) முழுக்க நெருப்பெறும்பு, கருகிச் செத்துக் கிடந்தது. இப்போது மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்காமல் இருப்பதில்லை.

குளோரின் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். நீச்சல்குள வில்லை வேறு, செப்டிக்குக்கான கால்சியம் ஹைப்போகுளோரைட் வில்லை வேறு. இரண்டும் ஒரே குழாயில் கலந்தால் விஷவாயு வரும், வெடிக்கவும் கூடும்.

பஜ்ஜி சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள். விருந்தாளிகள் வந்து போன மறுநாளே ஆறு லோடு துணி போடுவதும் வேண்டாம். எங்களுடையது நாளுக்கு 500 கேலன்தான் தாங்கும்.

வாங்கும் முன் பராமரிப்பு ரிப்போர்ட்டுகளைக் கேளுங்கள். பொருத்திய முதல் 2 வருடம் போட்டவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு என்ன விதி என்று உங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) விசாரியுங்கள். எங்களுக்கு 4 மாதத்துக்கு ஒருதரம் ஆள் வந்து பார்த்துவிட்டு கவுண்டிக்கு ரிப்போர்ட் அனுப்புகிறார். கடைசியாகக் கசடு எடுத்தது எப்போது என்பதையும் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் தெளிக்கும் இடத்தில் சாப்பிடுகிற எதையும் வளர்க்கக் கூடாது, விதியே அப்படி. ஊரிலிருந்து வந்த அத்தை, அங்கே மட்டும் புல் பச்சைப்பசேலென்று இருப்பதைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் வெண்டை விதை ஊன்றிவிட்டார். முளைத்து நாலு இலை விட்டதைப் பிடுங்கியது நான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.