சைகடெலிக் சுவரொட்டிகளின் எழுத்துகள் ஏன் படிக்க முடியாதபடி இருக்கின்றன? போதையில் வரைந்தவையா?

1960களில் சான் பிரான்சிஸ்கோவில் ஒட்டப்பட்ட, சைகடெலிக், அதாவது போதை மயக்கக் காட்சிகளை நினைவூட்டும் பாணியிலான இசை நிகழ்ச்சிச் சுவரொட்டி ஒன்றை இணையத்தில் பார்த்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். எழுத்து வரைவதையே தொழிலாகக் கொண்ட என்னை இக்கேள்வி வருத்துகிறது. அந்த வட்டாரத்தில் போதைப்பொருள் புழங்கியது உண்மை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த எழுத்துகள் பயிற்சியிலிருந்து பிறந்தவை.

அந்நகரின் ஃபில்மோர் இசை அரங்குக்காக வரைந்த வெஸ் வில்சன், வியன்னாவின் ஆல்ஃபிரெட் ரோலர் 1900களின் தொடக்கத்தில் செசெஷன் என்ற கலைஞர் குழுவின் கண்காட்சிகளுக்கு வரைந்திருந்த, கட்டம் நிறைய அடைத்து நிற்கும் எழுத்துகளைக் கண்டு, அவற்றை நெளியவும் வீங்கவும் வைத்தார். விக்டர் மொஸ்கோசோ யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் வண்ணம் பயின்றவர். வெளிச்ச அளவில் ஒத்த, சிவப்பு-பச்சை போன்ற எதிர்நிறங்களை அருகருகே வைத்தால் விளிம்பு அதிரும் என்பதைத் தெரிந்துகொண்டே அவற்றை அவர் சேர்த்து வைத்தார்.

ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் நான் பணியாற்றியபோது, ராக் இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு இதே பாணியில் ஆங்கிலச் சுவரொட்டி கேட்டார்கள். 1966 ஜூலையில் தி அசோசியேஷன் குழுவின் நிகழ்ச்சிக்கு வில்சன் வரைந்த, பச்சைப் பின்னணியில் சிவப்புச் சுடராக எழும் எழுத்துகளை மாதிரியாக வைத்துக்கொண்டு கையால் வரையத் தொடங்கினேன். முதலில் சுடரின் புறக்கோட்டை வரைந்து, அதை வளைந்த பட்டைகளாகப் பிரித்து, பிறகு எழுத்துகளுக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளியை மட்டும் வரைந்துகொண்டே போக வேண்டும். இடைவெளி சரியாக அமைந்தால் எழுத்து தானாகவே எழுந்து நிற்கும். அதனால்தான் ஒரே சொல்லில் இரண்டு முறை வரும் ஓர் எழுத்து, இரண்டு இடங்களிலும் இரண்டு உருவம் கொள்கிறது.

பொறுப்பாளர் பாதி வேலையைப் பார்த்துவிட்டு, இதற்கென்று ஃபாண்ட் கிடைக்கும்போது கையால் வரைவது வீண் என்று சொல்லி, ஒன்றை வாங்கி நிரப்பச் செய்தார். அந்த ஃபாண்டில் எல்லா ‘E’யும் ஒரே ‘E’யாக இருந்ததால், சுடர் வளைந்த இடங்களில் எல்லாம் ஓட்டை விழுந்தது. அதுவே அச்சுக்குப் போயிற்று; சுடரின் புறக்கோடு என்னுடையதாக இருந்தும் அடியில் என் பெயர் இல்லை. கணினியை வெறுப்பவன் என்று என்னை யாரும் நினைக்க வேண்டாம். நாள்தோறும் ஃபாண்டுகளில்தான் வேலை செய்கிறேன். இந்தப் பாணிக்கு மட்டும் அவை பொருந்தா என்கிறேன்.

படிக்கச் சிரமமாக இருப்பதும் திட்டமிட்டதுதான். சாலையில் போகிறவர் நின்று, அருகில் வந்து, நேரம் செலவிட்டுப் படிக்க வேண்டும் என்பதே அதன் வேலை.

பெயரைப் பற்றிப் பேசியதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1967இல் பணத் தகராறில் வில்சன் ஃபில்மோர் நிகழ்ச்சிகளை நடத்திய பில் கிரஹாமை விட்டு விலகியபின், அந்த அரங்கின் சுவரொட்டிகள் பலவற்றை வரைந்தவர் பானி மெக்லீன் என்ற பெண். பழைய ஐரோப்பியத் தேவாலயங்களின் கூர்முனைக் கோதிக் வளைவுகளைப் போன்ற அவருடைய எழுத்துகள் வில்சனின் நகல் அல்ல. ஆயினும் இத்துறையின் முன்னோடிகளாக வில்சன், மொஸ்கோசோ, ரிக் கிரிஃபின், ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி என்று ஐந்து ஆண்களை எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் அடுத்துத் தேடும்போது மெக்லீனின் 1967ஆம் ஆண்டு வேலைகளையும் சேர்த்துத் தேடுங்கள்.