பேச்சில் ஆர்வமுள்ள மகளுக்கு எந்தப் பட்டப்படிப்பு?

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், பள்ளியில் தமிழ் விவாதக் குழுவில் இருந்தவள். பேச்சுக்கலையையே பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புகிறாள். சிங்கப்பூரில் அதற்கு வழி உண்டா? - உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருப்பதுபோல் சொல்லாட்சிக்கலைக்கென, அதாவது பேச்சாலும் எழுத்தாலும் பிறரை இணங்கவைக்கும் கலைக்கென (rhetoric), தனித்துறையை இங்கே தேடவேண்டாம், தொடர்பியல் (communication) பட்டப்படிப்புகளின் பாடப் பட்டியலைப் பாருங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்பியல், தகவலியல் கல்விக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல், புதிய ஊடகத் துறையும் முதலில் பார்க்கவேண்டியவை.

ஆனால் இவை மேடையில் பேசப் பழக்கும் படிப்புகள் அல்ல, ஒரு செய்தி மக்களை எப்படி அசைக்கிறது என்று ஆராயும் படிப்புகள் என்பதை உங்கள் மகள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. அந்த ஆராய்ச்சியிலும் இரு போக்குகள் உண்டு. டெங்கிப் பரவல் பகுதியில் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை 10 அல்லது அதற்கு மேல் போனால் புளோக்குகளுக்கு அருகே தொங்கவிடப்படும் சிவப்புப் பதாகையை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம். கேட்போரை இணங்கவைக்கக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் வகுத்த மூன்று வழிகளும் அதில் உண்டு: எண்ணிக்கை அறிவோடு பேசுகிறது, சிவப்பு நிறம் அச்சத்தைத் தொடுகிறது, அரசாங்க அமைப்பின் முத்திரை நம்பிக்கை தருகிறது. சொல்லாட்சிக்கலை மாணவர் இவற்றுள் எது, யாரை, ஏன் அசைக்கிறது என்று பதாகையையே வரிவரியாக வாசிப்பார். சமூக அறிவியல் வழியில் வந்தவரோ, அதைப் பார்த்தபின் எத்தனை வீடுகளில் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீர் உண்மையிலேயே கொட்டப்பட்டது என்று கதவைத் தட்டிக் கணக்கெடுப்பார். 1914ல் அமெரிக்காவில் பேச்சாசிரியர்கள் 17 பேர் ஆங்கில ஆசிரியர் மன்றத்திலிருந்து பிரிந்து தனிச் சங்கம் கண்ட காலந்தொட்டு இவ்விரு போக்குகளும் ஒரே கூரையின்கீழ் உரசிக்கொண்டே வளர்ந்துள்ளன. இங்குள்ள துறைகளில் இரண்டாவது போக்கின் கை ஓங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. ஆய்வுமுறை, புள்ளியியல் பாடங்களைத் தவிர்க்க முடியாது.

கணக்கெடுப்பில் நாட்டமில்லாமல், உரைகளைப் பிரித்துப் பார்ப்பதில்தான் மனம் போகிறதென்றால், இலக்கியத்தையோ மெய்யியலையோ முதன்மைப் பாடமாக எடுத்துத் தொடர்பியலைத் துணைப்பாடமாகச் சேர்ப்பதே பொருத்தம். (திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை அதிகாரங்களை ஒருசேர வாசிக்கச் சொல்லுங்கள், அவற்றில் எது அவரை அதிகம் ஈர்க்கிறது என்பதே ஒரு குறிப்புத்தான்.) வேலையைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம், செய்தித்துறை, மக்கள் தொடர்பு, அமைச்சுகளின் தகவல் பிரிவுகள் எனப் பல வாசல்கள் உள்ளன.

பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொது வரவேற்பு நாளில் பேராசிரியர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: உரைப் பகுப்பாய்வுக்கென எத்தனை பாடங்கள் ஆண்டுதோறும் நடத்தப்படுகின்றன? இறுதியாண்டு ஆய்வைத் தமிழ் மேடைப் பேச்சுகளை வைத்துச் செய்தால் அதை வழிநடத்த ஆள் உண்டா?