கோடி ரூபாய் கடனில் டிடிஎஸ் வேண்டாம்: டாம்பாவுக்குப் போகும் குடியாத்தம் பல் டாக்டருக்கு

குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். மகள் பிடிஎஸ் முடித்து, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்து, இப்போது ஆம்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்து டாம்பா நகரத்தில், எச்1பி விசாவில் ஐடி வேலை. "அஞ்சு வருஷம் படிக்கவெச்சது வீணாப் போயிடுமா சார்? பெரியப்பா வீட்டை அடமானம் வெச்சாவது அங்க டிடிஎஸ் சேர்த்துடுங்கறார்" என்று அம்மா கேட்கிறார்.

வீணாகாது அம்மா. ஆனால் பெரியப்பா சொல்வதைச் செய்யாதீர்கள்.

அவர் சொல்கிற டிடிஎஸ், அதாவது அமெரிக்காவின் பல் டாக்டர் பட்டம், எப்படிக் கிடைக்கும் என்று முதலில் பார்த்துவிடுவோம். நம் ஊர் பிடிஎஸ்ஸை வைத்து அங்கே நேராகக் கிளினிக் வைக்க முடியாது. ஐஎன்பிடிஇ என்று இரண்டு நாள், 500 கேள்வித் தேர்வு எழுத வேண்டும். அதில் பாஸ் ஆன பிறகு வெளிநாட்டு டாக்டர்களுக்காக நடத்தும் இரண்டு, மூன்று வருஷப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். சீட்டு குறைவு, போட்டி அதிகம், பல இடங்களில் பொம்மைப் பல்லில் வேலை செய்து காட்டச் சொல்வார்கள். கட்டணம் மட்டுமே பல கல்லூரிகளில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். வாடகை, சாப்பாடு அதில் சேராது. குடியாத்தத்தில் இருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைத்து, அங்கே இன்னும் ஒரு சம்பளம்கூட வாங்காத பெண்ணின் தலையில் அந்தக் கடனை ஏற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்வதற்காக என்றால் நிச்சயமாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பட்டம் அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

"கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு எம்டிஎஸ் மேல்படிப்பு முடிக்கட்டும்" என்று அத்தை சொல்வதும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. இங்கே வாங்கிய எம்டிஎஸ் மட்டும் அங்கே உரிமம் வாங்கித் தராது.

இப்போது யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒரு வழி. டென்டல் ஹைஜீனிஸ்ட். கேட்டதும் உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், "டாக்டருக்குப் படிச்சிட்டுப் பல்லு கிளீன் பண்ணவா?" என்பார்கள், பரவாயில்லை. அமெரிக்காவில் அது தனி உரிமம் வாங்கிச் செய்யும் தொழில். ஸ்கேலிங், ஈறுக்கு அடியில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறின் ஆழத்தை அளந்து குறிப்பது, எக்ஸ்ரே எடுப்பது, குழந்தைகளுக்கு ஃப்ளூரைடு வைப்பது, எப்படிப் பல் துலக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்நாட்டு அரசுப் புள்ளிவிவரப்படி 2023இல் ஒரு ஹைஜீனிஸ்டின் இடைநிலை ஆண்டு வருமானம் 87 ஆயிரம் டாலருக்குச் சற்று மேல். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் வேலை பார்ப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு இதன் அருமை தெரியும்.

சாதாரணமாக இதற்கு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இரண்டு வருஷம் படிக்க வேண்டும், பெரும்பாலான மாநிலங்களில் வெளிநாட்டு பல் டாக்டருக்கும் அதே விதிதான். ஆனால் பல் மருத்துவ உரிமத்தை அங்கே மாநிலம்தான் கொடுக்கிறது, மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. உங்கள் பெண் போகப்போகிற புளோரிடாவில் வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்தவர் மறுபடி கல்லூரிக்குப் போகாமலே ஹைஜீனிஸ்ட் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிடிஎஸ் மதிப்பெண்களை அங்குள்ள மதிப்பீட்டு நிறுவனத்திடம் சரிபார்க்க வைக்க வேண்டும், 350 கேள்விகள் கொண்ட ஹைஜீன் தேசியத் தேர்வு எழுத வேண்டும், கையால் செய்து காட்டும் தேர்வு ஒன்று, மாநிலச் சட்டம் பற்றிய தேர்வு ஒன்று. பாடத்தில் முக்கால்வாசி அவள் படித்ததுதான். செலவு சில ஆயிரம் டாலருக்குள் அடங்கிவிடும். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

அவளிடமும் தனியாகப் பேசினேன், நீங்கள் கேட்காத கேள்வியைக் கேட்டேன்: கிளினிக்கில் எந்த வேலை உனக்குப் பிடிக்கும்? கடைவாய்ப் பல் பிடுங்கும் நாளென்றால் காலையிலேயே வயிற்றைக் கலக்கும் என்றாள். ஈறு வீங்கி, ரத்தம் கசிய வந்த பாட்டிக்கு நாலு தடவை வரவழைத்துச் சுத்தம் செய்து சரியானதைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள். இந்தப் பெண்ணை நாளெல்லாம் அறுவைசிகிச்சை செய்ய வைத்துச் சம்பாதிக்கச் சொல்ல வேண்டுமா? அவள் விருப்பம் தெளிவாக இருக்கிறது. அதைப் பெரியப்பா வந்து மாற்ற வேண்டியதில்லை.

இதில் உள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாந்தோம் என்று நினைக்கக் கூடாது. ஹைஜீனிஸ்ட் பல் எடுக்க முடியாது, சொத்தையைக் குடைந்து அடைக்க முடியாது, மருந்துச் சீட்டு எழுத முடியாது. மாப்பிள்ளை வேலை மாறி டெக்சாஸுக்கோ நியூஜெர்சிக்கோ போனால் இந்த உரிமம் அங்கே அப்படியே செல்லும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆகவே அவர் நாலைந்து வருஷமாவது புளோரிடாவில் இருக்கும் எண்ணத்தில் இருக்கிறாரா என்று கல்யாணத்துக்கு முன்பே கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அதைவிட முக்கியமான கேள்வி விசா. உங்கள் பெண் எச்4 விசாவில், அதாவது எச்1பி வைத்திருப்பவரின் மனைவிக்குக் கொடுக்கும் விசாவில் போவாள். அதில் படிக்கலாம், தேர்வு எழுதலாம், சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. 2015 முதல் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: கணவருக்கு ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு அங்கீகாரமாகியிருந்தால் மனைவி தனி வேலை அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அது ஆகவில்லை என்றால் எவ்வளவு பெரிய உரிமம் வாங்கினாலும் வீட்டில்தான் உட்கார வேண்டும், டிடிஎஸ் படித்தாலும் இதே விசாச் சிக்கல் வரும். மாப்பிள்ளை வீட்டாரிடம் நகை எத்தனை பவுன் என்று பேசுகிற நேரத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஐ-140 ஆயிற்றா, இல்லை கம்பெனி இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா? இன்னும் ஆகவில்லை என்றால் அந்தக் காலத்தைத் தேர்வுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாளைக்கு அவளே மனசு மாறி டாக்டராகத்தான் வேண்டும் என்றால் ஐஎன்பிடிஇ கதவு மூடிவிடாது. அப்போது அவள் சம்பாத்தியத்திலும் அவள் முடிவிலும் படிக்கட்டும்.

இந்த மாதத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிண்டியில் இருக்கும் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் என்ற அதிகாரபூர்வ மதிப்பெண் தொகுப்புக்கு விண்ணப்பியுங்கள், கல்யாணத்துக்குப் பிறகு டாம்பாவிலிருந்து அலைவதைவிட இப்போது காட்பாடியில் ரயில் ஏறிப் போய்வருவது சுலபம். மாநில பல் மருத்துவக் கவுன்சில் பதிவைப் புதுப்பித்து, 'குட் ஸ்டாண்டிங்' என்ற நன்னடத்தைச் சான்றிதழும் வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டிலும் மார்க் ஷீட்டிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள், ஒன்றில் அப்பா பெயர் முழுதாகவும் இன்னொன்றில் ஒற்றை எழுத்தாகவும் இருந்தால் இங்கேயே திருத்திவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.